மூன்று வருடமாக வண்டியில் சுற்றும் பேட்டரிப் பெட்டி

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். ராத்திரி முழுக்க, மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் ஓடியாக வேண்டும். வண்டியிலேயே போய்த் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்று 2022-ல் பேச்சு எடுத்ததுமே, "என் மெஷினுக்குக் கரண்ட்?" என்றார். அந்தக் கேள்விக்காகக் கட்டியதுதான் இந்தப் பெட்டி.

உள்ளே இருப்பது 105 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கு. ஒன்று 3.2 வோல்ட்; வரிசையாக இணைத்தால் 12.8. சுமார் 1,340 வாட்-அவர் வரும். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் தொடுவதில்லை. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியையே தூக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று முதலில் தோன்றியது. 150 ஏஎச் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல், அதிலும் பாதிதான் தாராளமாக எடுக்கலாம், ஆசிட் வேறு. விட்டுவிட்டேன். என் பெட்டி ஆசாரி செய்து கொடுத்த 12 எம்எம் பிளைவுட், செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட், 1000 வாட் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 19 கிலோ. செலவு 55 ஆயிரத்தைத் தாண்டியது.

பேட்டரி இந்த மூன்று வருடத்தில் ஒரு தொல்லையும் தரவில்லை. தொல்லை தந்ததெல்லாம் அதைச் சுற்றி நான் வைத்த சின்னச் சின்ன சாமான்கள்தான்.

முதல் பாடம் கொல்லிமலையில். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தெரிந்தவர் தோட்டத்தில் தங்கியிருந்தோம். படுக்கும்போது மூடியில் பதித்திருந்த வோல்ட் மீட்டர் 13.1, "ஃபுல்" என்றது. ராத்திரி மூன்றரைக்கு பெட்டிக்குள் பீப் என்று ஒரு சத்தம், அப்புறம் நிசப்தம். அப்பா எழுந்து உட்கார்ந்து முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் இதுதான். அந்த மீட்டர் லெட் ஆசிட் கணக்குக்குச் செய்தது. இந்த வகை லித்தியத்தில் 70 சதவீதம் இருந்தாலும் 40 சதவீதம் இருந்தாலும் வோல்டேஜ் 13.1, 13.2 என்றுதான் நிற்கும். கடைசியில் மட்டும் தடாலென்று விழும். வோல்டேஜை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. ஊர் திரும்பி, அடுத்த சென்னைப் பயணத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று வாங்கினேன். நெகட்டிவ் பக்கம் உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிற ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கும். இப்போதெல்லாம் படுக்கப் போகும்முன் அப்பாவே அதைப் பார்த்து, "58 இருக்கு, போதுமாடா?" என்று கேட்டுக்கொள்கிறார்.

அன்றைக்கு சார்ஜ் எங்கே போனது என்றும் தேடினேன். இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருந்தோம். எதுவும் மாட்டாமலே அது 12 வாட் தின்கிறது; ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 290 வாட்-அவர். சிபேப் எட்டு மணி நேரத்துக்குக் கேட்பதே, தண்ணீர் சூடாக்கும் ஹியூமிடிஃபயரை அணைத்துவிட்டால், 240தான்! மெஷின் உண்மையில் 24 வோல்ட் டிசியில் ஓடுவது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் 230 ஆக்க, அடாப்டர் மறுபடி 24 ஆக்க, நடுவில் கொஞ்சம் சூடாகவே போய்விடும். டாக்டரிடமும் மெஷின் விற்றவரிடமும் கேட்டுக்கொண்டு, அதற்கென்றே வரும் 12-இலிருந்து 24 கன்வெர்ட்டரை வாங்கி நேரடியாகக் கொடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாமே இப்போது 12 வோல்ட்தான்.

அப்படியென்றால் இன்வெர்ட்டர் எதற்கு? மிக்ஸிக்கு. சட்னி இல்லாத இட்லி எங்கள் வீட்டில் செல்லாது. ஏற்காட்டில் ஒரு காலை, அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 65 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாசிட்டிவ் ஒயரின் லக்கை, அதாவது முனையில் மாட்டும் உலோக வளையத்தை, நான் கட்டிங் பிளேயரால் நசுக்கி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி மாட்டியிருந்தேன். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. பிரித்தால், சிவப்பு ஸ்லீவ் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. உள்ளே பாதி இழைகள் லக்கைத் தொடவே இல்லை. ஃபியூஸ் போகவில்லை. போகவும் போகாது, ஓடியது அளவான கரண்ட்தான், சூடு இணைப்பில். இப்போது 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், ஹைட்ராலிக் டூலில் அழுத்திய லக். டூலை வாடகைக்குத்தான் எடுத்தேன். ஃபியூஸும் மாற்றினேன். ஷார்ட் ஆனால் இந்த செல்கள் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் தள்ளும், சாதா ஃபியூஸால் அதை அறுக்க முடியாது. அவ்வளவு பெரிய கரண்ட்டையும் அறுக்கக்கூடிய, டிசி மதிப்பு அச்சிட்ட எச்ஆர்சி ஃபியூஸ், பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்கிறது.

சார்ஜ் செய்வதில், ஓடும் வண்டியின் கரண்ட்டைப் பெட்டிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றி ஏற்றும் டிசி-டிசி சார்ஜருக்குத்தான் என் ஓட்டு. ரிலே ஒன்று போட்டு வண்டி பேட்டரியோடு சேர்த்துவிடலாம் என்றார் எங்கள் ஏரியா எலக்ட்ரீஷியன். பழைய வண்டியென்றால் ஏதோ ஓடும். என்னுடையதில், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5-க்கு இறக்கிவிடுகிறது, அது 13.2-இல் நிற்கும் பெட்டிக்குள் எப்படிப் போகும்? 20 ஆம்பியர் சார்ஜர் போட்டபிறகு, சேலத்திலிருந்து கோத்தகிரிக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் 80 ஏஎச் ஏறிவிடுகிறது. 100 வாட் மடக்கு சோலார் பேனல் வாங்கியது தண்டம். நல்ல வெயிலில் 65 வாட், கோத்தகிரி மூடுபனியில் 15. தவிர, வண்டி நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் நிற்க வேண்டும். இப்போது பரணில் இருக்கிறது.

குளிரில் ஒன்று கவனிக்கணும்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த செல்களை சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. வண்டிக்குள் அந்த அளவுக்கு இறங்கவில்லை, இருந்தாலும் காலையில் முதல் அரை மணி நேரம் சார்ஜர் சுவிட்சை அணைத்தே ஓட்டினேன். மே மாதம் நேர்மாறு. பாதி சார்ஜில் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

போன மாதம் முழுதாக ஏற்றி முழுதாக இறக்கிப் பார்த்தேன். 99 ஏஎச் வந்தது. பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் பிய்ந்து நிற்கிறது. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறாராம்.