ஊர் வீட்டுக் காருக்கு எது சரி: புளூடூத் டாங்கிளா, ஒயர் ஸ்கேனரா?

காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டில் நிற்கும் எங்கள் பெட்ரோல் கார், நாங்கள் சென்னையிலிருந்து போகும்போதுதான் ஓடும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு), பொங்கல் என்று ஏதாவது வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் ஷெட்டுக்குள்தான். செக் எஞ்சின் லைட் எரிந்தால் காரணம் தெரிய வேண்டுமே என்று கருவி தேடியபோது, காரில் செருகினால் புளூடூத்தில் போனுக்கு விவரம் அனுப்பும் டாங்கிளை ஒதுக்கிவிட்டு, ஒயரில் செருகித் தன் திரையிலேயே காட்டும் ஸ்கேனரை வாங்கினேன்.

எதை வாங்கினாலும், காரின் கம்ப்யூட்டரைத் தேடி பானெட்டைத் திறக்க வேண்டாம். இசியு என்ற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வண்டிக்கு வண்டி வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். நமக்குத் தேவை அதோடு பேச வைத்திருக்கும் 16 பின் ஓபிடி போர்ட் மட்டும்தான். பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் சின்ன மூடி போட்டிருப்பார்கள்.

டாங்கிளின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஓட்டும்போதே கூலண்ட் சூடு, ஆர்பிஎம், ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல் அளவை இசியு கூட்டிக் குறைக்கும் கணக்கு) எல்லாம் போனில் ஓடும். ஆனால் மலிவாக வருபவை அநேகமாக காரோடு பேச உதவும் இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். சில கட்டளைகளுக்கு அவை வாயே திறக்காது. ஐபோன்காரர்களுக்கு பழைய வகை புளூடூத் ஒத்துவராது, பிஎல்இ (குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை புளூடூத்) அல்லது வைஃபை மாடல் பார்த்து வாங்க வேண்டும்.

எனக்கு முடிவைத் தந்தது பேட்டரி. போர்ட்டின் 16-ஆம் பின் நேராக பேட்டரியோடு இணைந்தது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். செருகியபடி விட்ட டாங்கிள் 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் கணக்கு) போய்விடும். சின்னக் காரில் இருப்பது ஏறக்குறைய 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. வண்டி நிற்கும்போது தானே தின்னும் கரண்ட் இதற்கு மேல் தனி. முழுசாகக் காலியாக வேண்டியதுகூட இல்லை, பாதி இறங்கினாலே ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கிவிடும். தினமும் ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டர் இதை ஈடுகட்டிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் யார் ஈடுகட்டுவது? பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது. அதற்காக நம் ஷெட்டில் பேட்டரி தானாக சார்ஜ் ஆகிவிடுமா என்ன!

கழற்றி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் யாரும் குனிவதில்லை. ஒயர் ஸ்கேனரில் அந்தக் கவலை குறைவு: ஒயரோடு தொங்கிக்கொண்டு காலில் இடிக்கும், அதனாலேயே படித்ததும் உருவிவிடுவோம்.

அப்புறம் இன்னொன்று. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வைத்திருப்பது பட்டன் போன். ஆப், புளூடூத்தில் போனை இணைப்பது, பாஸ்வேர்டு எதுவும் அவருக்கு வேண்டாம். செருகி, சாவியை ஆன் செய்து, திரையில் இருப்பதை போனில் வாசித்துவிடுவார். “பி 0301” என்ற கோளாறுக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. சென்னையில் இருந்தபடியே காரைக்குடி மெக்கானிக்கிடம் பேசிவிடலாம். எதையும் அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குறியீட்டை அழித்தால், கோளாறு வந்த நேரத்தில் வண்டி இருந்த நிலையைப் பதிந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். இந்த எச்சரிக்கை டாங்கிளுக்கும் பொருந்தும்.

தினமும் தேவகோட்டைக்கோ மதுரைக்கோ ஓட்டுகிறவர் டாங்கிளையே வாங்கலாம். ஓட்டத்தில் பார்க்க அதற்கு ஈடு இந்த ஸ்கேனரில் இல்லை. டீசல் வண்டியில் இரண்டையும் நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் இது பெட்ரோல்காரன் பேச்சு என்றே கொள்ளுங்கள். விலை குறைந்த ஒயர் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோளாறுக் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கும் காரணம் தெரிய வேண்டுமென்றால், அவற்றையும் படிக்குமா, உங்கள் வண்டி மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.