பழைய வீட்டுத் தேக்கு என்று தலையில் கட்டப்பட்ட ஈர மரம்: காய் நறுக்கும் பலகை செய்வோர் கவனத்துக்கு

தங்கையின் புதுமனை புகுவிழாவில் நெருங்கிய உறவினர் ஆறு குடும்பங்களுக்குத் தாம்பூலத்துடன் எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பதற்குப் பதிலாக, என் கையால் செய்த காய் நறுக்கும் பலகைகளைக் கொடுக்க விரும்பினேன். அதற்கான மரத்தை வாங்கிய இடத்தில் ஏமாந்தேன்.

எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் உள்ள ஒரு மரக்கடையில், இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்த தேக்கு என்றும், பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்றும் சொல்லி, 3 அடி நீளமும் 8 அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உடையவை என்று ஐந்து பலகைகளைக் காட்டினார்கள். ஒன்றேகால் கன அடி எனக் கணக்கிட்டு, கன அடிக்கு 3,600 ரூபாய் வீதம் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டபோது, தொகையை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நானும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அளந்தபோது எந்தப் பலகையும் ஒன்றேகால் அங்குலக் கனத்தைத் தாண்டவில்லை. கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் கொடுத்த பணத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 750 ரூபாய், அந்தக் கால் அங்குலத்தில்தான் போயிற்று. இழைப்புளியை ஓட்டியதும் அடுத்த உண்மை வெளிப்பட்டது. மேலே தெரிந்த பொன்பழுப்பு வெறும் பூச்சு. அதற்கடியில் பாதிக்கு மேல் வைரம் பாயாத, வெளிறிய வெண்பகுதி, வைரம் பாய்ந்த பகுதி நடுவில் ஒரு பட்டையாக மட்டுமே இருந்தது. பழைய வீட்டு மரமாக இருந்தால் எங்காவது ஓர் ஆணித் துளையோ, சட்டங்களைத் துளையிட்டுக் கோத்த தடமோ இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "எண்ணெய் பட்டால் நிறம் ஏறிவிடும், சார்" என்றார் கடைக்காரர். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்ததால் அந்தப் பதிலை நம்ப விரும்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டைகளாக அறுத்து, நீர் புகாத பசையால் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, மருந்துக் கடையில் வாங்கிய லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயை மூன்று முறை ஊற விட்டேன். (கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த, பெயர் ஒட்டாத டப்பா எண்ணெயில் வார்னிஷ் வாடை அடித்ததால் அதைத் தொடவில்லை, அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.)

மூன்று மாதம் கழித்துச் சித்தி வீட்டுக்குப் போனபோது, என் பலகை தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடந்தது. நான் பார்த்துவிட்டதைக் கண்டு, "நீ கஷ்டப்பட்டுச் செஞ்சதுப்பா, அதான் சொல்லல. மேடையில வெச்சா ஆடுது" என்றார். எடுத்துப் பார்த்தால் ஓரங்கள் எழும்பி நடுப்பகுதி குழிந்திருந்தது. ஒட்டிய இணைப்பு ஒன்றில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். விசாரித்ததில் மற்ற ஐந்தில் மூன்றின் கதையும் அதுவே.

வாங்கிய சில நாளிலேயே பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி வைத்திருந்த, மிஞ்சிய துண்டு ஒன்றை எடைபோட்டேன்: 410 கிராம். அதைச் சிறு சிம்புகளாகப் பிளந்து, மின் அடுப்பில் நூறு டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், எடை இறங்குவது நிற்கும் வரை உலர்த்தியபோது 336 கிராம் ஆனது. போன 74 கிராமும் நீர். உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் 22 சதவீதம். வீட்டுக்குள் புழங்கும் பலகைக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருப்பதே பொருத்தம். மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, வளையத்துக்குக் குறுக்காகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், ஈரத்தோடு ஒட்டிய பலகை பிறகு வளையாமல் இருப்பதே அரிது.

கணக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "மரம்னா கொஞ்சம் வளையத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம் என்று நண்பர் சொன்னார். ஆனால் என்ன மரம், எவ்வளவு கனம், உலர்ந்ததா என்று எதுவும் எழுதப்படாத துண்டுச் சீட்டைத் தவிர என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

இப்போது வேறு கடையில் வாங்குகிறேன். அங்கே பலகையின் ஒரு மூலையை என் கண்முன் இழைத்துக் காட்டச் சொல்லி, கனத்தை நானே அளந்து, மரத்தின் பெயரையும் அளவையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுக்கிறேன். சித்திக்குப் புதிய பலகை போய்விட்டது. இன்னும் மூன்று பாக்கி.