14,500 மலேசிய வெள்ளி போய்விட்டது: முடி நட வெளிநாடு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முடி நட என்னை இஸ்தான்புல்லுக்கு அனுப்பிய முகவர் நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) என் எண்ணைத் தடை செய்துவிட்டான். அதற்குச் சற்று முன்புதான் என் பின்மண்டையின் படத்தை மறுபடியும் அனுப்பியிருந்தேன். ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே பேச்சை நம்பி இன்னொருவர் பணம் கட்டிவிடக்கூடாது.

நான் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வயது 36. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் என் தலையைப் பற்றிப் பேசியது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மிகைநேரம் செய்து சேர்த்த பணம்தான் இந்த 14,500 வெள்ளி.

முகநூலில் விசாரித்த மறுநாளே அவன் அழைத்தான். கோலாலம்பூரில் இருந்துகொண்டு இஸ்தான்புல்லில் உள்ள ஒரு கிளினிக்குக்கு ஆள் அனுப்புகிறவன். நல்ல தமிழ். அடுத்த வாரமே பினாங்குக்கு வந்தான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தோம். என் சந்தேகங்களை எல்லாம் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து, "தொட்டுப் பாருங்கள் அண்ணா, இதுவும் அங்கே நட்டதுதான்" என்றான். தொட்டேன். அடர்த்தியான முடி. பிறகு அம்மாவிடம் பேச வேண்டும் என்று தொலைபேசியை வாங்கி, "அம்மா, அண்ணனை என் சொந்த அண்ணனைப் போலப் பார்த்துக்கொள்கிறேன். திரும்பி வந்த பிறகும் ஒரு வருடம் எங்கள் பொறுப்பு. கோலாலம்பூரில் எங்களுக்குக் கூட்டாளி கிளினிக் இருக்கிறது" என்றான். அம்மா அழுதுவிட்டார். அந்த மேசையிலேயே 4,500 வெள்ளி முன்பணத்தை அனுப்பினேன். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவி என்றான், நிறுவனக் கணக்கு இன்னும் திறக்கவில்லை என்றான். அம்மாவிடம் அப்படிப் பேசியவனிடம் மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மீதி 2,000 யூரோவை ரொக்கமாகக் கொண்டுவரச் சொன்னான். இங்கே மாற்றியபோது ஏறக்குறைய 10,000 வெள்ளி ஆனது. அறுவை நாள் காலையில் கிளினிக் உடையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பணத்தை எண்ணி வாங்கினார்கள். ரசீது கேட்டேன். பிறகு தருகிறோம் என்றார்கள். பத்தாவது நிமிடம் தலையை மழித்துவிட்டார்கள். அந்த நிலையில் யார் எழுந்து வெளியே போக முடியும்? மருத்துவர் வந்து நெற்றியில் கோடு போட்டார், போய்விட்டார். பிறகு அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை. ஏழு மணி நேரம் பின்மண்டையிலிருந்து வேர்களை எடுத்ததும் முன்னால் நட்டதும் உதவியாளர்கள்தான். 3,500 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் முடித் துணுக்குகள், என்று பேசியிருந்தோம். கடைசியில் கொடுத்த சீட்டில் 4,100 என்று இருந்தது. கூடுதலாகக் கிடைத்தது என்று நானும் மகிழ்ந்தேன்.

முதல் தலை கழுவலை இரண்டாம் நாள் கிளினிக்கில் செய்து காட்டுவார்கள் என்பது பேச்சு. ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பையில் நுரை மருந்தும் ஷாம்புவும் துருக்கி மொழியில் ஒரு தாளும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் விமானம். பதினொரு மணி நேரப் பயணத்தில் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி இடது கண் மூடிக்கொண்டது. வீட்டில் அம்மா தலையணைகளை அடுக்கி என்னைச் சாய்த்தபடியே படுக்க வைத்தார். வேலையிடத்தில் மொட்டைத் தலையைப் பார்த்து வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம், தண்ணீர்மலை முருகனுக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் வாரம் பின்மண்டையில் கொப்புளங்கள் வந்தன. பிறகு சீழ். அவனுக்குப் படம் அனுப்பினேன். "சாதாரணம்தான் அண்ணா." மறுநாள், "வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்." அதற்கு மறுநாள், "மருத்துவர் அறுவையில் இருக்கிறார்." கிளினிக் எண்ணுக்கு எழுதினேன். அவர்களுக்கும் நமக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம், இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன். வந்த பதில்: எங்களுக்குக் கிடைத்தது அறுவைக்கான 2,000 யூரோ மட்டும், பின்கவனிப்புக்கு உங்கள் முகவர்தான் பொறுப்பு. அவனிடம் கேட்டால், தன் வேலை ஆளை அங்கே சேர்ப்பது மட்டும்தானாம், கவனிப்பது கிளினிக்காம். கூட்டாளி கிளினிக் என்று அவன் கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். எடுத்த பெண்மணிக்கு அவன் பெயரே தெரியவில்லை. 14,500 வெள்ளியில் ஒரு வெள்ளிகூட என் தலையை அதன்பிறகு பார்ப்பதற்கு என்று யாரிடமும் இல்லை.

நட்ட முடி கொட்டுவதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து அது உதிர்வது இயல்பு, மூன்று நான்கு மாதத்தில்தான் புதிதாக முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். என் புகார் பின்மண்டையைப் பற்றியது. இங்கே தோல் மருத்துவரிடம் காட்டினேன். எடுத்த இடத்தில் வேர் மறுபடி முளைக்காது என்றார். ஓரிடத்தில் நெருக்கி நெருக்கி எடுத்திருப்பதால் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, பிறகு தேவைப்பட்டால் எடுக்க அங்கே அதிகம் மிச்சமில்லை என்றார். நான் மகிழ்ந்த அந்தக் கூடுதல் 600 இதுதான். நடாத பழைய முடி தொடர்ந்து மெலியும், அதற்கு மருந்து வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் மருத்துவச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்கிறார்கள். அவன் வாங்கிய 4,500 வெள்ளியையாவது கேட்கலாம் என்றால், அவன் கொடுத்த முகவரியில் பூட்டிய கடைதான் இருக்கிறது. திங்கட்கிழமை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகிறேன். போலீஸ் புகார் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரொக்கம் கேட்டால் எழுந்துவிடுங்கள், கடன் அட்டையில் கட்டினால் வங்கியிடமாவது முறையிட வழி இருக்கும். ஏமாந்தது அன்றே தெரிந்தால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணை அழையுங்கள், என்னைப் போல வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வேரை எடுப்பது யார், திரும்பி வந்த பிறகு பார்ப்பது யார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். கிளம்புவதற்கு முன்பே நம் ஊரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பத்து மணிக்கு மருத்துவரிடம் போக வேண்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்று வருகிறது.