முதல் தேர்தல்: 1973 முறையா, 2019 முறையா?

இங்கிலாந்தில் புதிதாக ஒரு மாவட்ட கவுன்சில் (குப்பை அள்ளுவது போன்ற வேலைகளைப் பார்க்கும் உள்ளாட்சி அமைப்பு) உருவானால், முதல் தேர்தல் அது பொறுப்பேற்கும் முன்பா, பின்பா?

நாடு முழுக்கப் பழைய கவுன்சில்களைக் கலைத்துப் புதியவை அமைத்தபோது, 1973-ல் முன்பே நடத்தினார்கள். பெருநகரங்கள் அல்லாத மாவட்டங்களுக்கு ஜூன் 7-ல் வாக்குப்பதிவு. பொறுப்பேற்றதோ 1974 ஏப்ரல் 1. நடுவில் ஏறக்குறைய பத்து மாதம் குப்பை அள்ளியது பழைய கவுன்சில். ஜெயித்து வந்தவர்கள் அதிகாரிகளை நியமித்துக்கொண்டும், முதல் வருட வரிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஒரே ஊருக்கு இரண்டு கவுன்சில். இழுபறிக்குக் கேட்கவா வேண்டும்!

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிழக்கு சஃபோக்கில் இது தலைகீழ். வேவ்னி, சஃபோக் கோஸ்டல் என்ற இரு மாவட்ட கவுன்சில்களும் இணைந்து 2019 ஏப்ரல் 1-ல் புதிய கவுன்சில் வந்தது; தேர்தல் மே 2-ல். முன்னேற்பாடுகளைப் பழைய கவுன்சிலர்களே பார்த்துக்கொண்டார்கள். இரண்டிலுமாக இருந்த 90 கவுன்சிலர் இடங்கள் 55 ஆயின. அதாவது, தங்கள் நாற்காலிகளைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள், அரசியலில் அபூர்வம்.

2019 முறையில் தனித் தேர்தல் செலவு இல்லை, வேலையும் தடைபடாது. ஆனால் முதல் பட்ஜெட்டும் கவுன்சில் வரியும் (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) மக்கள் ஓட்டுப் போடும் முன்பே முடிவாகிவிட்டன. அதனாலேயே, இழுபறி இருந்தாலும், என் ஓட்டு 1973 முறைக்குத்தான்.