ரக்கர் பூங்காவும் என்பிஏ அரங்கமும்: இருவகை ஆட்டக்காரர்கள், ஓர் ஒப்பீடு

தெருவில் கூடைப்பந்து ஆடுபவரையும் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் ஆடுபவரையும் ஒப்பிடும்போது, பெரும்பாலோர் முன்னவருடைய மிகச் சிறந்த பத்து நொடிக் காணொளியைப் பின்னவருடைய ஓராண்டுப் புள்ளிவிவரத்துக்கு எதிரே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. இருவரும் ஒரே வளையத்தின் கீழ் நேருக்கு நேர் மோதிய இடமாகப் பார்த்து ஒப்பிடுவதே முறை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 155ஆவது தெருவில் இருக்கும் ரக்கர் பூங்கா அத்தகைய இடம். நகரப் பூங்காத் துறையில் பணியாற்றிய ஹோல்கோம்ப் ரக்கர், சிறுவர்களைப் படிப்பின் பக்கம் ஈர்ப்பதற்காகத் தொடங்கிய கோடைப் போட்டி நாளடைவில் வளர்ந்து, வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற தொழில்முறைப் பெருவீரர்களும் தெரு ஆட்டக்காரர்களோடு களமிறங்கும் போட்டியாக மாறியது.

முதலில் தர வேறுபாட்டை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. என்பிஏ-வின் கடைசி வரிசையில் இருப்பவர்கூடச் சாதாரண ஆட்டக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர். பதினொரு பருவங்கள் ஆடியும் ஆட்டத்துக்குச் சராசரியாக 3.1 புள்ளிகள் மட்டுமே எடுத்த பிரையன் ஸ்கேலப்ரீனி, ஓய்வு பெற்ற பின் 2013இல் பாஸ்டனில் நான்கு உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஒற்றைக்கு ஒற்றை மோதினார். எதிராளிகளில் கல்லூரி அணியில் ஆடியவர்களும் இருந்தார்கள். நான்கு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் அவர் எடுத்தவை 44 புள்ளிகள், அந்த நால்வரும் சேர்ந்து எடுத்தவை 6. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என்று ரசிகர்கள் கேலி செய்த ஒருவர் கொடுத்த விடை இது.

இந்த இடைவெளி உயரத்தாலோ உடல் வலுவாலோ மட்டும் வருவதில்லை. 1954 முதல் என்பிஏ-வில் ஒவ்வோர் அணியும் 24 நொடிகளுக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் பந்தைக் கொண்டுவந்து அணியின் தாக்குதலை நடத்தும் வீரரான பாயிண்ட் கார்டு செய்ய வேண்டியதைக் கூர்ந்து பாருங்கள். சக வீரர் ஒருவர் தடுப்பாக வந்து நிற்க, அவர் தோளை உரசியபடி பந்தைத் தட்டிக்கொண்டு கடக்கும் அந்த ஒரு நொடியில், தம்மைக் காப்பவர் தடுப்புக்குக் கீழே சுற்றிப் போகிறாரா, எதிரணியின் உயரமான வீரர் முன்னேறி வருகிறாரா, மூலையில் நிற்பவரை விட்டுவிட்டு மூன்றாமவர் உதவிக்கு நகர்கிறாரா என்று கண்டுகொண்டு, முதலாவதானால் ஷாட், இரண்டாவதானால் வளையத்தை நோக்கி ஓடும் சக வீரருக்குப் பாஸ், மூன்றாவதானால் மூலைக்குப் பாஸ் என முடிவெடுக்க வேண்டும். இதை ஒரு பருவத்தில் 82 ஆட்டங்களில், தம்முடைய பழக்கங்களையெல்லாம் காணொளியில் அலசிவிட்டு வந்திருக்கும் எதிரணிகளுக்கு முன்னால், தளராமல் செய்ய வேண்டும். தற்காப்பும் அப்படித்தான். பந்து வருவதற்கு முன்பே இரண்டடி நகர்ந்து வழியை அடைத்து நிற்கும் வீரரை எந்தத் தொகுப்புக் காணொளியும் காட்டுவதில்லை. ஆனால் பயிற்சியாளர்கள் அவரைத்தான் தேடுகிறார்கள்.

தெரு ஆட்டத்தின் வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. சிமெண்டுத் தளம், காற்று, பந்தைத் துள்ளித் தெறிக்கவிடும் விறைப்பான வளையம் ஆகியவை சேர்ந்து தூரத்து ஷாட்டை நம்ப முடியாததாக்குகின்றன. ஆகவே ஆட்டம் வளையத்தை நோக்கியே பாய்கிறது. பந்தைக் கட்டுப்படுத்தி, எதிரில் நிற்பவரைத் தனியாக ஏமாற்றிக் கடப்பதே முதன்மைத் திறனாகிறது. சுற்றி நிற்கும் கூட்டம் இருவருக்கு இடையிலான மோதலைத்தான் பார்க்க வந்திருக்கிறது. உதவிக்கு இன்னொருவர் ஓடி வருவதை அது விரும்புவதில்லை. பந்தின் அடியில் கை சற்றே நழுவினால் லீக் நடுவர் ஊதிவிடுவார். தெருவில் அதே நழுவல் அரை நொடித் தயக்கத்தை உண்டாக்கி, எதிராளியின் கால்களைக் குழப்பும் நுட்பமாகிவிடுகிறது. இதை விதிமீறல் என்று மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை. பந்தைச் சட்டென்று ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றும் கிராஸ்ஓவரிலும், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகையில் ஒரு கணம் தயங்குவதுபோல் காட்டும் தயக்க டிரிபிளிலும் இன்றைய என்பிஏ கார்டுகள் காட்டும் தாளம் பெரிதும் அந்தச் சிமெண்டுத் தளத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு உலகங்களிலும் உண்மையாகவே ஆடிக் காட்டியவர் ரேஃபர் ஆல்ஸ்டன். ரக்கரில் ‘ஸ்கிப் டு மை லூ’ என்று கொண்டாடப்பட்ட அவருடைய ஆட்டங்களின் பதிவுதான் ஆண்ட்ஒன் என்ற கூடைப்பந்துக் காலணி நிறுவனத்தின் முதல் மிக்ஸ்டேப் (தெரு ஆட்டத் தொகுப்புக் காணொளி) ஆனது. லீக் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998இல் மில்வாக்கி அணி அவரை 39ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. தொடக்க ஆண்டுகளில் அவருக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான். மியாமி, டொராண்டோ, ஹூஸ்டன் என்று அணி மாறி மாறித்தான் அவர் நிலைத்தார். ஹூஸ்டன் அணி 2008இல் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றபோது அதன் பாயிண்ட் கார்டு அவர்தான். அடுத்த ஆண்டு ஆர்லாண்டோ அணிக்காக இறுதிப் போட்டிவரை சென்று, மூன்றாம் ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டங்களை இப்போது பார்த்தால், ரக்கரில் கூட்டத்தை எழுப்பி நிறுத்திய துள்ளல் டிரிபிளை அவற்றில் காண்பது அரிது. அந்தக் கை அவரிடம் இருந்துகொண்டே இருந்தது. எங்கே அதை அடக்கி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதால்தான் அவர் லீக்கில் நீடித்தார்.

அந்த எல்லையைக் கடக்காதவர்களைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் தேவை. ‘தி கோட்’ எனப்பட்ட ஏர்ல் மேனிகால்ட் ஏறத்தாழ ஆறடி ஓர் அங்குல உயரமே கொண்டவர். பலகையின் உச்சியில் வைத்த நாணயத்தை எகிறி எடுப்பார் என்பது ஹார்லெமில் வழங்கும் கதை. கதையை ஒதுக்கிவிடலாம். ஆனால் என்பிஏ பெருவீரர் கரீம் அப்துல் ஜப்பார் தாம் ஓய்வு பெறும் வேளையில், தம்மோடு ஆடியவர்களில் தலைசிறந்தவராக அவரையே சொன்னார் என்பதை ஒதுக்க முடியாது. ஹெராயினும் சிறையும் மேனிகால்ட்டின் நல்ல ஆண்டுகளை விழுங்கிவிட்டன; என்பிஏ-வுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கின் யூட்டா ஸ்டார்ஸ் அணி நடத்திய தேர்வுக்கு அவர் போனபோது காலம் கடந்திருந்தது. ஜோ ஹேமண்டின் கதை வேறு. லேக்கர்ஸ் அணி 1971இல் அவரைத் தேர்ந்தெடுத்தும், அது தர முன்வந்த ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. அக்காலத்து லீக் சம்பளம் இன்றைய கோடிகளைப் போன்றதல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவ்விருவரையும் ‘திறமை போதாதவர்கள்’ என்ற பட்டியலில் சேர்ப்பது அநியாயம். அதே நேரத்தில், லீக்கில் ஆடியிருந்தால் நட்சத்திரமாகியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்லவும் நமக்கு ஆதாரம் கிடையாது. ரக்கரின் பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் பார்த்தவர்களின் வாய்மொழியில்தான் வாழ்கின்றன.

எதிர்த்திசையில் பயணம் எளிது. 2011 ஆகஸ்டில், அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறால் லீக் கதவடைப்பில் இருந்த கோடையில், என்பிஏ நட்சத்திரம் கெவின் டுரான்ட் ரக்கருக்கு வந்து ஒரே ஆட்டத்தில் 66 புள்ளிகள் குவித்தார்.

இருந்தும், தொழில்முறை வீரர் எங்கு போனாலும் வெல்வார் என்று முடிவு கட்டுவதை 3x3 ஆட்டம் தடுக்கிறது. தெரு வடிவத்தை உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளுக்குள் கொண்டுவந்த இந்த ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது: அணிக்கு மூவர் களத்தில், ஒருவர் மாற்று வீரராக; அரை மைதானம், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளிகள், 12 நொடி ஷாட் கிளாக், ஆட்டத்தின்போது வழிகாட்டப் பயிற்சியாளர் கிடையாது. டோக்கியோவுக்கு அமெரிக்க ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை. தங்கம் லாட்வியாவுக்குப் போனது. 2024 பாரிஸ் போட்டிக்கு, 2011 என்பிஏ டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வான ஜிம்மர் ஃப்ரெடெட்டைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கா சென்றது. அவர் காயமடைய, அணி ஏழு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று முதல் சுற்றோடு வெளியேறியது. நெதர்லாந்து, கூடுதல் நேரத்தில் பிரான்ஸை 18-17 என வீழ்த்தித் தங்கம் வென்றது. இந்த வடிவத்தில் நான்கு முறை உலகக் கோப்பை வென்ற செர்பியாவின் டூஷன் புலுட் என்பிஏ-வில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்த மறுகணமே அதை எடுத்து வளைகோட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டிய இந்த ஆட்டத்தில் மூச்சு வாங்க இடைவெளியே இல்லை. அந்த வேகத்தில் யோசிக்கப் பழகிய, ஆண்டு முழுவதும் ஒன்றாகவே ஆடும் நால்வர் அணிக்கு முன்னால், சில மாதப் பயிற்சியோடு வரும் லீக் வீரர்கள் இன்னும் ஈடுகொடுக்க முடியாமல்தான் இருக்கிறார்கள்.