பழைய .22 ரைஃபிளில் ஸ்கோப்: 4x32 எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

விலை குறைந்த பழைய ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்துச் சுடும், .22 போன்ற) ரைஃபிளுக்கென்றே விற்கப்படும் ஒரு வகை ஸ்கோப் உண்டு. 1 அங்குலக் குழாய், மாறாத 4 மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன் லென்ஸ், 50 கெஜத்துக்குச் சரிசெய்த பேரலாக்ஸ் (கண் விலகும்போது குறி நகர்ந்து தெரியும் பிழை), குழாயைப் பிடித்துப் பள்ளத்தில் பூட்டும் ரிங்குகள் கூடவே வரும். சிம்மன்ஸ் 22 மேக் 4x32 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரிசீவரின் (பேரலின் பின்னால் போல்ட் இயங்கும் உலோக உடலின்) மேல் பள்ளம் வெட்டியிருந்து, பேரலும் (குழலும்) நன்றாகச் சுடுமானால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஸ்கோப் வாங்க வேண்டாம்.

முதலில் பேரலைச் சோதியுங்கள். அறை, மேகஸின் இரண்டும் காலி என்று உறுதி செய்துவிட்டு, ரிசீவரைக் கட்டையோடு (தோளில் பதியும் மரப் பகுதியோடு) பிணைக்கும் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரைஃபிள்களில் பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான். மரம் சுருங்கச் சுருங்க அது தளர்ந்துவிடும். பிறகு மேசையில் தாங்கு வைத்து, இருக்கிற திறந்த சைட்டாலேயே 25 கெஜத்தில் மூன்று வகைத் தோட்டாக்களைச் சுடுங்கள். ஒவ்வொரு வகையிலும் 5 தோட்டாக்கள் கொண்ட குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் தொகுப்பு) சில வேண்டும். வகை மாற்றும்போது முதல் 10 தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய மெழுகுப் பூச்சு போய்ப் புதியது பேரலில் படிய அவ்வளவு ஆகும். மூன்றில் ஒன்றாவது 40 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு), வினாடிக்கு 1,070 அடி வேகமுள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகையாக இருக்கட்டும். அதிவேகத் தோட்டாவில் சிதறும் பல பழைய பேரல்கள் இதில் அடங்கி நடக்கும்.

குரூப்பின் அகலம் ஓர் அங்குலத்துக்குள் வந்தால் ஸ்கோப் பயன் தரும். எந்தத் தோட்டாவிலும் 2 அங்குலத்துக்குக் குறையவில்லை என்றால் பணத்தை ஸ்கோப்பில் போடாமல் காரணத்தைத் தேடுங்கள். குழல் வாயில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். பல ரைஃபிள்களை முன்பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய முடியும் என்பதால், கம்பி உரசி உரசி வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அதைப் புதிதாக வெட்டித் தருவது துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குச் சிறு வேலை. வெற்று அறையில் ட்ரிகரை இழுத்து இழுத்து, ஃபயரிங் பின் அறையின் விளிம்பில் பள்ளம் குத்தியிருப்பதும் உண்டு. தோட்டா உள்ளே போகும்போதே தடுத்தால் அந்த விளிம்பைப் பாருங்கள்.

அடுத்து ரிசீவர். மேலே இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் இருந்தால் வேலை எளிது. ஆனால் 3/8 அங்குலப் பள்ளமும் 11 மி.மீ. பள்ளமும் ஒன்றல்ல, 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ. மட்டுமே. இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ரிங்கின் பிடி பள்ளத்தில் முழுவதும் உட்காராமல் விளிம்பை மட்டும் கவ்வுவது உண்டு. மார்லின் 60 போன்றவற்றின் ரிசீவர் அலுமினியக் கலவை. அதில் விளிம்பை மட்டும் கவ்விய பிடியை இறுக்கினால் பள்ளம் நசுங்கும். அளந்து வாங்குவதுதான் வழி.

பள்ளம் இல்லாத ரைஃபிளில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செலவு ரைஃபிளின் விலையை நெருங்கும். பழம்பொருள் என்ற மதிப்பும் அந்த நான்கு துளைகளோடு போய்விடும். வின்செஸ்டர் 1890, 1906, 62 போன்ற பம்ப் ரைஃபிள்கள் காலி உறையை மேல்நோக்கித் தள்ளுபவை, சுத்தியலும் வெளியே இருக்கும். அவற்றின் தலைமேல் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. வின்செஸ்டர் 67 போன்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போல்ட்டின் (அறையைத் திறந்து மூடும் தண்டின்) பின்குமிழை ஒவ்வொரு முறையும் விரலால் பின்னே இழுத்தாக வேண்டும், சேஃப்டியும் மேலெழும்பித் திரும்பும். தாழ்வாக வைத்த ஸ்கோப்பின் கண் பக்கம் இரண்டையும் மறிக்கும்.

இப்படிப்பட்டவற்றுக்குத் துளை சைட் (சிறு துளை வழியே முன் சைட்டைப் பார்க்கும் பின் சைட்) நல்ல மாற்று. லைமன், வில்லியம்ஸ் இரண்டும் இதில் பழைய பெயர்கள். பள்ளமுள்ள ரிசீவருக்கான மாதிரிகளை வில்லியம்ஸ் செய்கிறது. பின் சைட்டைக் கண்ணால் கூர்மைப்படுத்தும் வேலை போகிறது, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது. ஆனால் முன் சைட்டே மங்கலாகத் தெரியும் வயதில் இதுவும் முழுத் தீர்வு ஆகாது. இலக்கையும் குறுக்குக்கோட்டையும் ஒரே தளத்தில் காட்டுவது ஸ்கோப் மட்டுமே.

இனி ஸ்கோப்பின் தேர்வு. முக்கால் அங்குலக் குழாயுள்ள 4x15 வேண்டவே வேண்டாம். 15-ஐ 4-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3.75 மி.மீ.; அந்தி நேரத்தில் போதாது. கண் இம்மியளவு விலகினாலும் காட்சி கறுத்துவிடும். 4x32-இல் அது 8 மி.மீ.

பேரலாக்ஸ்தான் பலரும் கவனிக்காத இடம். சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்துச் சுடும் பெரிய ரைஃபிள்) ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்டவை. 32 மி.மீ. லென்ஸுள்ள 100 கெஜ ஸ்கோப்பை 50 கெஜத்தில் பயன்படுத்தினால், கண் முழுவதும் ஓரத்துக்குப் போகும்போது குறி சுமார் 8 மி.மீ. வரை தவறலாம், 25 கெஜத்தில் 12 மி.மீ. வரை. ரிம்ஃபயர் ஸ்கோப்பில் 50 கெஜத்தில் அந்தப் பிழை இல்லை. கன்னம் ஒரே இடத்தில் பதியாத பழைய கட்டைகளில் இந்த வேறுபாடு குரூப்பிலேயே தெரியும்.

3-9 ஜூம் தேவையில்லை. 9 மடங்கில் உங்கள் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும், எடையும் கூடும். லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் ரிம்ஃபயர் 2-7x33 அருமையான ஸ்கோப். பின்னாளில் நல்ல ரைஃபிளுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

பொருத்தும் முறை: பள்ளத்தையும் ரிங்கின் பிடியையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். எண்ணெய்ப் பசைதான் ஸ்கோப் நகர முதல் காரணம். கீழ் ரிங்குகளைப் பூட்டி, ஸ்கோப்பை வைத்து, போல்ட்டை முழுவதும் தூக்கிப் பாருங்கள். கைப்பிடி கண் பக்கத்தில் இடித்தால் அடுத்த உயரத்து ரிங் வேண்டும். முன் லென்ஸின் கூடு பின் சைட்டில் இடித்தால் சைட்டை மடக்குங்கள். மடங்காவிட்டால் கழற்றி, அந்த இடத்தை வெற்று அடைப்பால் மூடி, சைட்டைப் பத்திரப்படுத்துங்கள். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்து, கண் திறக்கும்போது முழு வட்டமும் தெரியும் வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு நேராக நிற்கும்படி திருப்பி, மேல் திருகுகளை மாறி மாறி இறுக்குங்கள். 15 அங்குல-பவுண்ட் போதும். அதிகமானால் குழாய் நசுங்கும்.

திறந்த சைட்டுக்காகச் செய்த கட்டையின் மேல் விளிம்பு தாழ்வானது. ஸ்கோப் வந்ததும் கன்னம் காற்றில் தொங்கும், தாடைதான் கட்டையில் படும். பட்டையால் கட்டும் கன்னத் திண்டு ஒன்று சேர்த்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

சரிசெய்வதை 25 கெஜத்தில் தொடங்குங்கள். சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம்) என்றால் அங்கே ஓர் அங்குலத்துக்கு 16 கிளிக், 50 கெஜத்தில் 8. உயரம் சரிசெய்யும் திருகு முடிவுவரை போயும் தோட்டா கீழேயே விழுந்தால், பின் ரிங்கின் கீழ்ப் பாதியில், குழாய்க்கு அடியில், மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று வையுங்கள், குறி மேலேறும். பக்கவாட்டில் எட்டாவிட்டால் ரிங்குகளைக் கழற்றி ஒன்றைத் திருப்பிப் பூட்டிப் பாருங்கள். 50 கெஜத்தில் முடித்த பின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா 25 கெஜத்தில் கால் அங்குலம் மேலேயும், 100 கெஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் கீழேயும் போகும்.

சில நாளில் குறி நகர்ந்தால் ஸ்கோப்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் கட்டைத் திருகு, பிறகு ரிங்கின் பிடி, அதன் பிறகு மேல் திருகுகள். எல்லாம் இறுக்கமாக இருந்தும் குறி அலைந்தால் 20 கிளிக் வலம், 20 மேல், 20 இடம், 20 கீழ் என்று சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பாருங்கள். கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேல் வந்து விழாவிட்டால் ஸ்கோப்பின் உள்வேலைதான் கெட்டிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.