பத்து மாதம் ‘திட்டப்படி’ என்றார்கள், பதினோராவது மாதம் குண்டைப் போட்டார்கள்

14 மாதத்தில் முடிய வேண்டிய என் கட்டடம். 10 மாதமும் கான்ட்ராக்டரின் அறிக்கையில் ‘திட்டப்படி நடக்கிறது’ என்றே வந்தது. 11-வது மாதக் கடைசியில் ஒரு கடிதம்: இன்னும் 8 மாதம் ஆகுமாம். அந்த 5 மாத நீட்டிப்புக்கான சைட் செலவையும் நான்தான் தரவேண்டுமாம். ஏனென்றால் ஜன்னல் டிசைனை முடிவு செய்ய நான் 21 நாள் எடுத்துக்கொண்டேனாம்!

நான் ஏமாந்தது ஓர் எண்ணில். மாதாமாதம் அறிக்கையின் தலைப்பில் 1.02, 1.01 என்று இருக்கும். முடித்த வேலையின் மதிப்பை, அதுவரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பால் வகுத்தது அது. ஒன்றுக்கு மேல் இருந்தால் வேகம் என்று சொன்னார்கள், நம்பினேன். எந்த வேலை முடிந்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. லிஃப்டை முன்கூட்டியே வாங்கி இறக்கினார்கள், சுற்றுச்சுவரை எழுப்பினார்கள், மதிப்பு ஏறியது. இரண்டாம் தளத்து ஸ்லாப் மட்டும் அப்படியே கிடந்தது. அதற்குப் பின்னால்தான் எல்லா வேலையும் வரிசையில் நின்றது. இன்னொரு கூத்து: கட்டடம் எவ்வளவு தாமதமானாலும் வேலை முழுதாக முடிகிற நாளில் அந்த எண் 1 ஆகிவிடும்.

அப்புறம் அட்டவணை. பிடிஎஃப் மட்டுமே அனுப்புவார்கள். பழைய மெயிலைத் தோண்டி 3-வது மாதத்தையும் 9-வது மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்லாப் 74 நாள் தள்ளிப்போயிருந்தது, ஆனால் முடிவுத் தேதி நகரவே இல்லை. பூச்சு வேலையை 60 நாளிலிருந்து 25 ஆகச் சுருக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவற்றை ஒரே சமயத்தில் நடப்பதுபோல் மாற்றிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் போன மாத அட்டவணையோடு மட்டும் ஒப்பிட்டதால், முதலில் கையெழுத்தான மூல அட்டவணை, அதாவது பேஸ்லைன், யார் கண்ணிலும் படவில்லை. மின்வேலை நான்கு மாதம் ‘90%’ என்றே இருந்ததையும் நான் கேள்வி கேட்கவில்லை, அது என் தப்பு.

கடிதம் வந்தபிறகுதான் திட்டமிடல் தெரிந்த ஒரு பொறியாளரிடம் போனேன். அவர் அறிக்கைகளைத் தொடவே இல்லை. சைட் டைரி, டெலிவரி சலான்கள், போட்டோக்களின் தேதி, கான்கிரீட் கியூப் பரிசோதனைச் சீட்டுகள், இவைதான் கேட்டார். கியூப்பை 7-ம் நாளும் 28-ம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தச் சீட்டில் கான்கிரீட் போட்ட தேதி இருக்கும். அதை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள் என்றார். அப்படி நிஜத்தில் நடந்த தேதிகளை வரிசைப்படுத்தி, மாதம் மாதமாக எந்த வேலை கிரிட்டிகல் பாதையில் (தாமதமானால் முடிவுத் தேதியையே தள்ளிவிடும் வேலைகளின் வரிசையில்) இருந்தது என்று பார்த்தார்.

ஜன்னலுக்கு பேஸ்லைனில் 35 நாள் ஃப்ளோட் இருந்தது, அதாவது முடிவுத் தேதி நகராமல் அவ்வளவு நாள் தள்ளிப்போகலாம். நான் எடுத்துக்கொண்ட 21 நாள் அதற்குள்ளேயே கரைந்துவிட்டது, முடிவுத் தேதியைத் தொடவில்லை. ஸ்லாப்பின் 74 நாளுக்குக் காரணம், ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) ஒரு செட்தான் கொண்டுவந்தார்கள், கம்பி கட்டும் ஆட்கள் பாதியில் வேறு சைட்டுக்குப் போனார்கள். சரி, என் பங்கும் இருந்தது: மின் பாயின்ட்களை மாற்றச் சொல்லி 12 நாள் நிஜமாகவே நிறுத்திவிட்டேன். மழையில் போனது 9 நாள். அந்த இரண்டையும் ஒப்புக்கொண்டேன். மீதியெல்லாம் பூச்சுக்கு ஆள் வராத நாட்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) 1999-ல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தில், தாமதத்துக்கான காரணம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் தராத கான்ட்ராக்டர் நீட்டிப்பு கேட்கும் உரிமையை இழப்பார். என் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு பிரிவு இருந்தது. ஜன்னலுக்கு அவர்கள் நோட்டீஸே தந்திருக்கவில்லை. அதைக் காட்டிய பிறகுதான் சைட் செலவுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். தாமதத்துக்கான இழப்பீடு எனக்கும் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் அதற்கான தொகையை எழுதாமல் கையெழுத்துப் போட்டது நான்தான்.

இப்போது மாதாமாதம் திறந்து பார்க்கக்கூடிய அட்டவணைக் கோப்பையே வாங்குகிறேன். சதவீதம் வேண்டாம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மீதமுள்ள நாள் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் தந்த கோப்பில் பெயின்டிங்குக்கு மீதி 18 நாள். இன்று எண்ணிப் பார்த்தேன், சைட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.